பாலைப் பிரிக்கட்டும், கணக்கைக் காட்டட்டும்!

(வல்லம் வடகாலில் நடந்த பால் உற்பத்தியாளர் கோரிக்கைக் கூட்டத்தில் நம் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)

காலையில் பால் ஊற்றிவிட்டு, மாட்டுக்குத் தீனி போட்டுவிட்டு, போட்டது போட்டபடி ஓடி வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே!

சாயங்காலக் கறவைக்கு முன்னால் விட்டுவிடுவேன், பயப்படாதீங்க. எனக்கும் ரெண்டு மாடு கட்டியிருக்கு.

இதுவரைக்கும் நாம் லிட்டருக்கு எத்தனை ரூபாய் என்றுதான் பேசி வந்திருக்கிறோம். அதைப் பேசத்தான் வேண்டும். 2022 நவம்பர் 5 முதல் பசும்பால் கொள்முதல் விலை 32-லிருந்து 35 ஆனது, எருமைப்பால் 41-லிருந்து 44 ஆனது. அது போதாது, 7 ரூபாய் ஏற்று என்று 2023 மார்ச்சில் தமிழ்நாட்டுப் பால் உற்பத்தியாளர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். அந்த வருடம் டிசம்பர் 18 முதல் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை வந்தது. கேட்டது ஏழு, வந்தது மூன்று. போராடாமல் அந்த மூன்றும் வந்திருக்குமா?

ஆனால் இன்றைக்கு நான் பேச வந்தது வேறு. அறிவிக்கிற விலை ஒன்று, நம் சீட்டில் விழுகிற விலை இன்னொன்று. நடுவில் இருக்கிற இடைவெளி எங்கே போகிறது? மூன்று ரூபாய்க்கு மூன்று வருடம் போராடுகிற நாம், தினமும் காலையில் ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் காணாமல் போகிற காசைக் கண்டுகொள்வதில்லை. காரணம், பாலுக்குள் என்ன இருக்கு, அதை எப்படிப் பிரிக்கிறாங்க, எப்படி அளக்கிறாங்க என்று நமக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பத்து லிட்டர் பாலுக்குள்ளே

பாலையும் தண்ணீரையும் அன்னப்பறவை பிரித்துவிடும் என்று பாட்டி கதை சொல்வாள். அன்னத்தை யாரும் பார்த்ததில்லை. ஆனால் அதைவிடக் கெட்டிக்கார அன்னங்கள் இப்போது பால் பண்ணைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

நல்ல கலப்பினப் பசு ஒன்று, அதோட பால் பத்து லிட்டர். தராசில் வைத்தால் பத்து கிலோ முந்நூறு கிராம் இருக்கும். அதில் ஒன்பது கிலோ சுத்தத் தண்ணீர். நாம் கலந்ததில்லை, மாடே கலந்தது! மீதி இருப்பது ஒண்ணேகால் கிலோவுக்குக் கொஞ்சம் கூட. நாலு சதம் ஃபேட் என்றால், அதில் கொழுப்பு நானூறு கிராம். புரதம் சுமார் முந்நூற்று நாற்பது கிராம். உப்புச் சத்துகள் எழுபது கிராம். இதையெல்லாம்விட அதிகமாக இருப்பது எது தெரியுமா? சர்க்கரை. பால் சர்க்கரை, லாக்டோஸ் என்று சொல்வார்கள். பத்து லிட்டரில் ஏறக்குறைய அரை கிலோ!

அரை கிலோ சர்க்கரை இருந்தும் பால் ஏன் பாயசம் மாதிரி இனிக்கவில்லை? இந்தச் சர்க்கரைக்குக் கரும்புச் சர்க்கரையில் ஐந்தில் ஒரு பங்கு, ஆறில் ஒரு பங்கு இனிப்புதான் உண்டு. இதுதான் பாலின் அளவையும் தீர்மானிக்கிறது. மாட்டின் ரத்தத்தில் ஓடுகிற குளுக்கோஸை மடி வாங்கிப் பால் சர்க்கரை ஆக்குகிறது. அந்தச் சர்க்கரைதான் மடிக்குள் தண்ணீரை இழுக்கிறது. எவ்வளவு சர்க்கரை உண்டாகிறதோ அவ்வளவு லிட்டர் பால். அதனால்தான் தீனி குறைந்தால் பால் அளவு குறைகிறது. ஆனால் லிட்டருக்குள் இருக்கிற சர்க்கரை அதிகம் மாறுவதில்லை. மடி நோய் வந்தால் மட்டும் சர்க்கரை இறங்கும், உப்பு ஏறும். பால் கரிக்கும். உங்க பாலில் எஸ்.என்.எஃப் திடீரென்று இறங்கினால் டெஸ்டரோடு சண்டைக்குப் போவதற்கு முன்னால் நாலு காம்பையும் தனித்தனியாகக் கறந்து பாருங்க. சண்டை எங்கே போகப்போகிறது, அப்புறம் போடலாம்.

கொழுப்பு தவிர்த்த மற்ற மூன்றும், அதாவது சர்க்கரை, புரதம், உப்பு, எல்லாம் சேர்ந்ததுதான் எஸ்.என்.எஃப். சீட்டில் ரெண்டு எண் வருகிறதே, ஃபேட் ஒன்று, எஸ்.என்.எஃப் ஒன்று, அவ்வளவுதான் விஷயம். நம் பாலுக்கு விலை அந்த ரெண்டு எண்ணில்தான் இருக்கிறது. லிட்டரில் இல்லை.

மத்தும் இயந்திரமும்

பிரிப்பது ஒன்றும் நமக்குப் புதிதில்லை. தயிர் கடைந்து வெண்ணெய் எடுத்தவர்கள்தான் நம் தாய்மார்கள். மத்து கொழுப்பைத் திரட்டியது. சர்க்கரையில் ஒரு பங்கைக் கண்ணுக்குத் தெரியாத கிருமி தின்று புளிப்பாக்கியது. தயிர் புளிப்பதன் ரகசியம் அதுதான். மோர் நமக்கு, வெண்ணெய் சந்தைக்கு. வீட்டுக்குள்ளேயே பிரித்தோம், கணக்கு நம் கையில் இருந்தது.

1878-ல் சுவீடன் நாட்டில் லாவல் என்ற பொறியாளர் ஓர் இயந்திரம் கொண்டுவந்தார். பாலை ஒரு கிண்ணத்தில் விட்டு நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றினால், கனமான பால் ஓரத்துக்குப் போகும், லேசான கொழுப்பு நடுவில் ஒதுங்கும். ரெண்டுக்கும் ரெண்டு குழாய். ராட்டினத் தூளியில் பிள்ளைகளை வைத்துச் சுற்றினால் வெளியே தள்ளுகிற மாதிரிதான். இன்றைக்குப் பண்ணைகளில் ஓடும் இயந்திரம் பாலில் கொழுப்பே இல்லை என்று சொல்லும் அளவுக்கு வழித்து எடுத்துவிடும்.

சர்க்கரையைப் பிரிப்பது கொஞ்சம் கஷ்டம். அது தண்ணீரில் கரைந்து கிடக்கிறது, சுற்றினால் ஒதுங்காது. பனீர் எடுக்கும்போது பச்சையாக ஒரு நீர் வடியுமே, நம் வீட்டில் பால் திரிந்தால் கீழே கொட்டுகிறோமே, அதில்தான் பெரும்பாலான சர்க்கரை இருக்கிறது. அந்த நீரைக் காற்றை உறிஞ்சிய கொப்பரையில் வற்றவைத்துக் குளிரவிட்டால் சர்க்கரை மணிமணியாகப் பூக்கும். இன்னொரு வழி, சல்லடை. நெல்லுக்கு ஒரு சல்லடை, மாவுக்கு ஒரு சல்லடை வைத்திருக்கிறோம் இல்லையா? அந்த மாதிரி கண்ணுக்கே தெரியாத துளை உள்ள சவ்வு வழியாகப் பாலை அழுத்தித் தள்ளுகிறார்கள். புரதம் பெரிசு, நின்றுவிடும். சர்க்கரை சின்னது, தண்ணீரோடு போய்விடும்.

இதெல்லாம் யாருக்கு? நீங்க முழுங்குகிற மாத்திரையை நினைச்சுப் பாருங்க. மருந்து அதில் சில மில்லிகிராம்தான். கையில் பிடிக்கிற அளவுக்கு உருட்ட வேறு ஒரு மாவு வேண்டும். நிறைய மாத்திரைகளில் அந்த மாவு, பால் சர்க்கரை. குழந்தைகளுக்கான பால் மாவு டப்பாவில் பால் சர்க்கரை. பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்களுக்கு, சர்க்கரையை உடைத்த தனிப் பாலும் விற்கிறார்கள். கொழுப்பு நெய்யாக, வெண்ணெயாக, ஐஸ்கிரீமாகப் போகிறது. புரதம் உடம்பு வளர்க்கிற இளைஞர்களின் பெரிய பெரிய டப்பாவுக்குப் போகிறது. ஒரே மடியில் வந்தது, நாலு சந்தையில் விற்கிறது!

இதைப் பார்த்து வயிற்றெரிச்சல் பட நான் சொல்லவில்லை. பிரிப்பது தப்பில்லை. பிரிக்கத் தெரியாத காலத்தில் பால் கெட்டுக் கொட்டியது. 1940-களில் பம்பாயில் தாரா குரோடி என்ற அதிகாரி, எருமைப்பாலோடு கொழுப்பு எடுத்த பால் தூளும் தண்ணீரும் சேர்த்து ‘டோன்டு’ பால் என்று ஏழைகளுக்கு மலிவாகக் கொடுத்தார். 6 சதம் கொழுப்புள்ள ஒரு லிட்டர், 3 சதம் கொழுப்புள்ள ரெண்டு லிட்டர் ஆனது. 1970-ல் வெண்மைப் புரட்சி தொடங்கியபோது, ஐரோப்பாவில் மிஞ்சிய பாலைப் பிரித்து 1,26,000 டன் பால் தூளும் 42,000 டன் வெண்ணெய் எண்ணெயும் உலக உணவுத் திட்டம் வழியாக நமக்கு அனுப்பினார்கள். அங்கே பிரித்தது இங்கே பம்பாய், கல்கத்தா, டில்லி, சென்னையில் மறுபடி சேர்ந்து பாலானது. அதை விற்ற பணத்தில் கூட்டுறவுச் சங்கங்களை வளர்த்தார்கள். ஆக, பிரிக்கிற வித்தையால் நன்மையும் உண்டு. பிரிக்கிறவன் கையில் மட்டும் கணக்கு இருந்தால்தான் ஆபத்து.

பாக்கெட் நிறத்தில் ஒரு பாடம்

கடையில் தொங்குகிற ஆவின் பாக்கெட்டைப் பாருங்க. நீலம் 3 சதக் கொழுப்பு. ஊதா 3.5. பச்சை 4.5. ஆரஞ்சு 6. நம் கேனில் நிறம் கிடையாது. பண்ணையில் மொத்தமாகக் கொட்டி, கொழுப்பை எடுத்து, வேண்டிய அளவு திரும்பச் சேர்த்து நிறம் கொடுக்கிறார்கள். 2023 நவம்பரில் பச்சைக்குப் பதிலாக ஊதாவை முன்னால் கொண்டுவந்தபோது, கொழுப்பு ஒரு சதம் குறையுது, விலை மட்டும் அதே என்று பட்டணத்து மக்கள் கூச்சல் போட்டார்கள். சரியான கூச்சல். ஒரு சதம் என்பது நூறு லிட்டருக்கு ஒரு கிலோ நெய்!

நுகர்வோருக்கு ஒரு சதம் தெரிகிறது. நமக்குக் கால் சதம் தெரியவேண்டாமா?

நம் ஊரைச் சுற்றிப் பாருங்க. 2024 ஆகஸ்ட் 17-ல் இதே வல்லம் வடகால் சிப்காட்டில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்க 706.50 கோடி ரூபாயில் குடியிருப்பு திறந்தார்கள். நம் பிள்ளைகள் மாதிரி வெளியூர்ப் பிள்ளைகள், நல்லா இருக்கட்டும். ஆளுக்கு ஒரு நாளைக்கு நூறு மில்லி பால் என்று வைத்தாலும் 1,872 லிட்டர் ஆகிறது. டீக்கடை, கேன்டீன், கம்பெனி என்று சேர்த்தால் எவ்வளவோ. பால் வேண்டும் என்று கேட்கிற வாய் நம் வாசலிலேயே இருக்கிறது. மாடு மேய்ந்த இடம்தான் வேலிக்குள்ளே போய்விட்டது. வைக்கோல் விலை கொடுத்து வாங்குகிறோம், புண்ணாக்கு விலை கொடுத்து வாங்குகிறோம். விலை கொடுத்த தீனியில் உண்டான பாலுக்குக் கால் சதம் விட்டுக்கொடுக்க நாம் என்ன ஜமீன்தாரா?

கண்ணாடிக் குழாயில் போகிற காசு

இப்போ முக்கியமான இடத்துக்கு வருகிறேன். என் சொந்த அனுபவம், இடத்தின் பேரைச் சொல்ல மாட்டேன். ஒரு கொள்முதல் நிலையத்தில் நான் வருடக்கணக்கில் பால் ஊற்றினேன். தினமும் காலையில் எஸ்.என்.எஃப் எட்டை ஒட்டியே வரும். ‘உன் மாட்டுக்குச் சத்தில்லை’ என்றார் டெஸ்டர். தாது உப்பு வாங்கிப் போட்டேன், பருத்திக்கொட்டை போட்டேன். அசையவில்லை. ஒருநாள் கால்நடைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் வந்தார். என் கேனுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். ‘தம்பி, பால் இவ்வளவு சூடா இருக்கே, சூட்டைக் கணக்கில் சேர்த்தாங்களா?’ என்று கேட்டார். எந்தச் சூட்டை? எனக்குத் தெரியவில்லை. அந்த டெஸ்டருக்கும் தெரியவில்லை, பாவம், அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

விஷயம் இதுதான். லாக்டோமீட்டர் ஒரு மிதவை. பால் அடர்த்தியாக இருந்தால் மேலே நிற்கும், தண்ணியாக இருந்தால் முங்கும். அது காட்டுகிற எண்ணைத்தான் ‘டிகிரி’ என்கிறோம். டிகிரி காபி என்ற பேரே அதிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். அந்த மிதவையின் தண்டில் எத்தனை டிகிரி சூட்டில் அளக்கவேண்டும் என்று எழுதியிருக்கும். 27 டிகிரி செல்சியஸ் என்று எழுதியிருந்தால், அதற்கு மேலே ஏறுகிற ஒவ்வொரு டிகிரிக்கும் 0.2 கூட்டிக்கொள்ள வேண்டும். கறந்த பால் மாட்டு உடம்புச் சூட்டில் வருகிறது. நிலையத்துக்கு வரும்போது 32 டிகிரி இருக்கிறதென்று வையுங்க. ஐந்து டிகிரி கூடுதல். மிதவை 27 காட்டினால் அது 27 இல்லை, 28. அந்த ஒன்றை நாலால் வகுத்தால் கால். எஸ்.என்.எஃப்-இல் 0.25 நம் கண் முன்னாலேயே போய்விட்டது! சூடான பால் லேசாக இருக்கும், மிதவை முங்கும், தண்ணி கலந்த மாதிரி காட்டும். தண்ணி கலக்காதவன் தலைகுனிந்து நிற்பான்.

சூத்திரத்திலும் விஷயம் இருக்கு. லாக்டோமீட்டர் எண்ணை நாலால் வகுத்து, ஃபேட்டில் கால் பங்கும் 0.44-ம் கூட்டுவது ஒரு சூத்திரம். ஃபேட்டை 0.21-ஆல் பெருக்கி 0.36 கூட்டுவது இன்னொன்று. எந்த மிதவைக்கு எந்தச் சூத்திரம் என்று முறை இருக்கிறது. மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? மிதவை 28, ஃபேட் 4 என்று போடுங்க. முதல் கணக்கில் 8.44 வருகிறது. ரெண்டாவது கணக்கில் 8.20 வருகிறது. பால் அதே பால்தான், மாடும் அதே மாடுதான்.

‘இப்போ எல்லாம் மெஷின் வந்துடுச்சு, அந்தப் பிரச்சனை இல்லை’ என்பார்கள். மெஷின் பாலுக்குள் ஒலி அலையை விட்டு அளக்கிறது. நல்ல விஷயம், ஆள் பார்த்து எண் சொல்லாது. ஆனால் அதைத் தினமும் கழுவ வேண்டும். பசும்பாலுக்கு ஒரு அமைப்பு, எருமைப்பாலுக்கு ஒரு அமைப்பு வைக்க வேண்டும். அவ்வப்போது கெர்பர் முறையில் சரிபார்த்துத் திருத்த வேண்டும். கெர்பர் என்றால் தெரியும்தானே, கந்தக அமிலம் 10 மில்லி, பால் 10.75 மில்லி, அமைல் ஆல்கஹால் 1 மில்லி விட்டுச் சுற்றினால், அமிலம் மற்றதைக் கரைத்துவிடும், கொழுப்பு மட்டும் மஞ்சளாகக் கழுத்தில் வந்து நிற்கும். நூறு வருஷத்துக்கு மேலான முறை, கண்ணால் பார்க்கலாம். மெஷினை எப்போது கடைசியாகச் சரிபார்த்தீங்க என்று கேட்க நமக்கு உரிமை இருக்கு.

நம் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதீங்க. நம்மிலும் சிலர் தண்ணி விடுகிறார்கள். தண்ணி விட்டதை மறைக்கச் சர்க்கரையும் உப்பும் போடுகிற ஆட்களும் எங்கேயோ இருக்கிறார்கள். அவன் ஒருவன் செய்வதால் நூறு பேர் பால் சந்தேகத்தில் விழுகிறது. அப்புறம் கறவையிலும் கவனம் வேணும். முதலில் வரும் பாலில் கொழுப்பு குறைவு, கடைசியில் ஒட்டக் கறக்கிற பாலில்தான் பல மடங்கு கொழுப்பு. கடைசியைக் கன்றுக்கு விட்டால் கன்று கொழுக்கும், சீட்டு மெலியும். கன்றுக்கு முதலிலேயே விடுங்க, வேண்டிய அளவு விடுங்க. வல்லக்கோட்டை முருகனுக்குப் பால்குடம் எடுக்கும்போது சாமி ஃபேட் பார்ப்பதில்லை. நிலையத்தில் பார்ப்பார்கள்.

நாம் கேட்பது என்ன?

கூட்டுறவாக இருந்தாலும் சரி, தனியாராக இருந்தாலும் சரி, அஞ்சு பைசா செலவில்லாமல் செய்யக்கூடியதைத்தான் கேட்கிறோம். ஃபேட், எஸ்.என்.எஃப் விலை அட்டவணையைத் தமிழில், கண்ணில் படுகிற மாதிரி சுவரில் ஒட்டு. எந்தச் சூத்திரம் போடுகிறாய் என்று அதற்குக் கீழே எழுது. பாலின் சூட்டை அளந்து, லாக்டோமீட்டர் எண்ணோடு சேர்த்துச் சீட்டில் போடு. கேனை நன்றாகக் கலக்கிவிட்டு சாம்பிள் எடு. மேலே ஏடு ஒதுங்கி நிற்க, அடியில் மொண்டால் ஃபேட் எங்கிருந்து வரும்? சந்தேகம் என்றால் உற்பத்தியாளர் முன்னாலேயே இரண்டாவது முறை அளந்து காட்டு. பட்டுவாடாவைத் தள்ளிப் போடாதே. அவ்வளவுதான்.

பால் தூள் விலை உலகச் சந்தையில் சரிந்தால் நம் தலையில் கட்டுகிறார்களே, அதற்கும் போராட வேண்டியிருக்கு. 2018 ஜூலையில் மகாராஷ்டிரத்தில் அப்படித்தான் தூள் தேங்கி, கொள்முதல் விலை விழுந்தது. ராஜு ஷெட்டி தலைமையில் விவசாயிகள் நகரத்துக்குப் பால் போவதை நிறுத்தினார்கள். நாலாவது நாள் லிட்டருக்கு 25 ரூபாய் என்று அரசு இறங்கி வந்தது. அந்தப் போராட்டம் பெரிது, அதற்கு ஊர் ஊராகச் சேர வேண்டும், சேர்வோம். ஆனால் எட்டேகாலை எட்டு என்று எழுதுகிறதை நிறுத்த, சாலையில் பாலைக் கொட்ட வேண்டியதில்லை. எழுதி வைத்தால் போதும்.

ஆகவே இன்றைக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். பதினைந்து நாள், காலை மாலை ரெண்டு வேளையும், வீட்டில் கேனை மூடுவதற்கு முன்னால் பாலின் சூட்டைப் பார்த்து எழுதுங்க. நிலையத்தில் ஊற்றும்போது இன்னொரு முறை பாருங்க. லாக்டோமீட்டர் எண், ஃபேட், எஸ்.என்.எஃப், கொடுத்த விலை, நாலையும் பக்கத்தில் எழுதுங்க. எழுதப் படிக்கத் தெரியாதவங்க பிள்ளைகளை விட்டு எழுதச் சொல்லுங்க, பள்ளிக்கூடத்துக் கணக்கைவிட இது சுலபம். பதினாறாம் நாள் அத்தனை நோட்டையும் சேர்த்துக்கொண்டு நிலையத்துக்கு முன்னால் போய் நிற்போம். அங்கே பதில் வரவில்லை என்றால் நோட்டோடு காஞ்சிபுரம் கலெக்டரின் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குப் போவோம்.

சங்கம் இருபது தெர்மாமீட்டர் வாங்கி வைத்திருக்கு. மேடைக்குப் பின்னால் அந்த நீல டப்பாவில் இருக்கு. தெருவுக்கு ரெண்டு வீதம் பேரைச் சொல்லி வாங்கிக்கிட்டுப் போங்க. கண்ணாடி, கேனுக்குள் போட்டு உடைச்சுடாதீங்க. கரண்டியில் பாலை மொண்டு தனியா பாருங்க.